வீடு வாங்க, விற்க எந்தச் சட்ட நிறுவனம்? இங்கிலாந்தில் உள்ள தெரிவுகள்: ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்கு நீங்கள் சொன்ன விலையை விற்பவர் ஏற்றுக்கொண்டதும், வீட்டு ஏஜென்ட் கேட்கும் முதல் கேள்வி "உங்கள் சொலிசிட்டர் யார்?" என்பதுதான். வீடு தேடி மாதக்கணக்கில் அலைந்தவர்கள்கூட இந்தக் கேள்விக்கு ஒரே மாலையில் விடை கண்டுவிடுகிறார்கள். இணையத்தில் மிகக் குறைந்த கட்டணம் காட்டும் நிறுவனத்தையோ, ஏஜென்ட் சொல்லும் பெயரையோ, உறவினர் ஒருவர் முன்பு போயிருந்த தமிழ் வழக்கறிஞரையோ பிடித்துக்கொள்கிறார்கள். இந்த மூன்றும் சில சூழல்களில் சரியான தெரிவுகள்தாம். வேறு சில சூழல்களில் ஆயிரக்கணக்கான பவுண்டு நட்டத்திலோ, கைநழுவிய வீட்டிலோ கொண்டுபோய் விடக்கூடியவை. எந்தச் சூழலுக்கு எது பொருந்தும் என்பதை இங்கே பிரித்துப் பார்க்கிறேன். இவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்தின் சொத்துச் சட்டமும் நடைமுறையும் வேறு.

இலங்கையில் நொத்தாரிசின் முன்னிலையில் உறுதி முடித்தும், தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தும் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். இங்கே வாங்குபவரும் விற்பவரும் ஓர் இடத்தில் கூடிக் கையெழுத்திடும் நாள் என்று ஒன்று இல்லை. இரு தரப்புச் சட்ட நிறுவனங்களும் பெரும்பாலும் தொலைபேசியிலேயே ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்கின்றன. எக்ஸ்சேஞ்ச் எனப்படும் அந்தக் கணத்தில், வழக்கமாகப் பத்து சதவீத முன்பணத்துடன், இருவரும் கட்டுப்படுகிறார்கள். அதுவரை எவரும் காரணம் சொல்லாமலே விலகலாம். அதன்பின் வாங்குபவர் விலகினால் முன்பணமே போய்விடும். பணம் கைமாறிச் சாவி கிடைக்கும் கம்ப்ளீஷன் நாள் அடுத்து வருகிறது. ஆகவே உங்களுக்காக ஒருவர் செய்யும் வேலையின் மதிப்பு முழுவதும் எக்ஸ்சேஞ்சுக்கு முந்திய வாரங்களில்தான் இருக்கிறது. குறை எதுவானாலும் அதை அப்போதே கண்டுபிடித்திருக்க வேண்டும். பிறகு கண்டால் அது உங்கள் குறை.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், உங்கள் கோப்பை நாள்தோறும் கையாளப்போகிறவர் யார் என்பது. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னரே வரும் என்பது என் உறுதியான கருத்து. வாசலில் சொலிசிட்டர் நிறுவனம் என்று பெயர்ப்பலகை இருந்தாலும், உள்ளே உங்கள் வேலையைச் செய்பவர் சொலிசிட்டராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தகுதி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் உதவியாளர் ஒருவரும் அதைச் செய்யலாம். மேற்பார்வை ஒழுங்காக நடக்கும் இடத்தில் இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அவர் பெயர் என்ன, அவரிடம் நேரடியாகப் பேச முடியுமா, அவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பார், அவர் கையில் ஏற்கெனவே எத்தனை கோப்புகள் உள்ளன என்பவை தெரியாமல் எந்த நிறுவனத்தையும் மற்றொன்றோடு ஒப்பிட முடியாது.

அடுத்தது முழுச் செலவு. சட்ட வேலைக்கான கட்டணம், அதன்மேல் இருபது சதவீத வாட் வரி, நிறுவனம் உங்கள் சார்பில் பிறருக்குச் செலுத்தும் தொகைகள் என மூன்று பகுதிகள் இதில் உண்டு. உள்ளூராட்சி சபையின் பதிவுகள், குடிநீர் மற்றும் வடிகால், சுற்றுச்சூழல் பற்றிய சர்ச்சுகள் (தேடல் விசாரணைகள்), நிலப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் கட்டணம் ஆகியவை மூன்றாவது பகுதியைச் சேர்ந்தவை. அவை எங்கே போனாலும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு முதல் பகுதியில் இருக்கிறது. அந்த வேறுபாடும் பெரிய எழுத்தில் காட்டும் தொகையில் இருப்பதில்லை, கீழே சிறிய எழுத்தில் வரும் கூடுதல் கட்டணங்களில்தான் இருக்கிறது. லீஸ்ஹோல்ட் (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான குத்தகை உரிமை) என்றால் ஒரு தொகை, கடன் கொடுக்கும் வங்கிக்காகச் செயல்பட ஒரு தொகை, பெற்றோர் தரும் அன்பளிப்பைச் சரிபார்க்க ஒரு தொகை, லைஃப்டைம் ஐசா சேமிப்பை எடுக்க ஒரு தொகை, முத்திரைத் தீர்வைப் படிவம் நிரப்ப ஒரு தொகை, அடையாளச் சோதனைக்கும் வங்கிப் பணமாற்றத்துக்கும் தலைக்கு ஒரு தொகை என்று அடுக்கிக்கொண்டே போகும்போது, மலிவாகத் தெரிந்த நிறுவனம் பக்கத்துத் தெருவில் இருப்பதைத் தாண்டிவிடுவது சாதாரணம். சொலிசிட்டர் நிறுவனங்கள் குடியிருப்புச் சொத்து வேலைக்கான கட்டண விவரத்தைத் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது 2018 டிசம்பர் முதல் விதியாக இருக்கிறது. உங்கள் நிலைமை முழுவதையும் சொல்லி, கூடுதல் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை எழுத்தில் கேளுங்கள்.

சொத்தின் வகையில் உள்ள அனுபவம் மூன்றாவது. தனி வீடாகவும், நிலத்தோடு சேர்ந்த முழு உரிமையான ஃப்ரீஹோல்டாகவும் இருப்பதற்கும், அடுக்குமாடியில் லீஸ்ஹோல்டாக இருப்பதற்கும் இடையில் வேலையின் அளவே வேறு. நான்காவது, உங்களுக்குக் கடன் தரும் வங்கியின் அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்பது. இல்லாவிட்டால் வங்கி தனக்கென்று வேறொரு சட்ட நிறுவனத்தை அமர்த்தும், அந்தச் செலவும் தாமதமும் உங்கள் தலையில் விழும். கடைசியாக, தவறு நேர்ந்தால் கிடைக்கும் பாதுகாப்பு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | உள்ளூர் சொலிசிட்டர் | உரிமம் பெற்ற கன்வேயன்சர் (சொத்து மாற்ற வேலைக்கென உரிமம் பெற்றவர்) | இணையவழிப் பெருநிறுவனம் |
|---|---|---|---|
| கோப்பைப் பார்ப்பவர் | பெரும்பாலும் ஒரே நபர். நேரில் பார்க்கலாம் | ஒரே நபர் அல்லது சிறு குழு | குழு. ஆள் மாறக்கூடும் |
| கட்டணம் | அடிப்படைத் தொகை அதிகம். சேர்க்கைகள் குறைவாக இருக்கும் | நடுத்தரம் | தொடக்கத் தொகை குறைவு. சேர்க்கைகள் அதிகம் |
| விற்பனை முறிந்தால் | செய்த வேலைக்குக் கட்டணம் கேட்கலாம் | நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் | பெரும்பாலும் கட்டணம் இல்லை, நிபந்தனைகளுடன் |
| மணமுறிவு, மரணச் சொத்து, தகராறு | அதே அலுவலகத்தில் துணை கிடைக்கலாம் | சொத்து வேலைக்கு வெளியே வரம்பு உண்டு | தனியாக வேறு இடம் தேட வேண்டும் |
| கண்காணிப்பு அமைப்பு | எஸ்.ஆர்.ஏ. | சி.எல்.சி. | இரண்டில் ஏதேனும் ஒன்று |

## உள்ளூர் சொலிசிட்டர்

சொலிசிட்டர் என்பவர் எல்லாவகைச் சட்ட வேலைக்கும் பயின்றவர். அவரைக் கண்காணிப்பது எஸ்.ஆர்.ஏ. என்னும் ஒழுங்காற்று அமைப்பு. நிறுவனத்தின் வடிவத்தைப் பொறுத்து, ஒரு கோரிக்கைக்குக் குறைந்தது 20 லட்சம் அல்லது 30 லட்சம் பவுண்டு அளவிலான தொழிற்பிழைக் காப்புறுதியை அவர் வைத்திருக்க வேண்டும். அதற்கு அப்பால், வாடிக்கையாளரின் பணம் களவு போனால் விண்ணப்பிக்கக்கூடிய இழப்பீட்டு நிதியும் உண்டு. அதன் உச்சவரம்பு 5 லட்சம் பவுண்டு. 2011இல் சொலிசிட்டர்களின் தொழிலமைப்பான லா சொசைட்டி தொடங்கிய சி.கியூ.எஸ். என்ற தரச்சான்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத சொலிசிட்டர் நிறுவனத்தைப் பல வங்கிகள் தம் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இவரிடம் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வாங்கித் தருவது இரண்டு. முதலாவது, உங்கள் கதை முழுவதையும் ஒருவர் தலையில் வைத்திருப்பார். இரண்டாவது, அந்த வட்டாரத்தை அவர் அறிந்திருப்பார். லண்டனின் இல்ஃபோர்ட், ஹரோ, ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களில் கூரைக்குக் கீழுள்ள வெற்றிடத்தை அறையாக மாற்றுவதும், பின்பக்கம் நீட்டிக் கட்டுவதும், தோட்டத்தில் தனி அறை எழுப்புவதும் மிகப் பரவலாக நடந்திருக்கின்றன; அவற்றுக்குத் திட்ட அனுமதியும் கட்டட ஒழுங்குவிதிச் சான்றும் உண்டா என்ற கேள்வியை, ஒரே தெருவில் பத்து வீடுகளின் ஆவணங்களைப் பார்த்த ஒருவர் கேட்காமல் விடமாட்டார். எந்தச் சட்ட நிறுவனமும் வீட்டை நேரில் போய்ப் பார்ப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் வாய்திறந்து சொன்னால்தான், அல்லது வீட்டின் நிலையைச் சோதிக்கும் சர்வேயரின் அறிக்கையை அனுப்பினால்தான், பின்கட்டில் ஓர் அறை சேர்ந்திருப்பது அவருக்குத் தெரியவரும். சான்று இல்லாத கட்டுமானத்துக்கு விற்பவர் தரப்பு வாங்கித் தரும் காப்புறுதி, சபை நடவடிக்கை எடுத்தால் வரும் செலவுக்கானது. கூரை ஒழுகினாலோ சுவர் விரிந்தாலோ அது உதவாது. அதை வாங்கும் முன் சபைக்கு நீங்களே தொலைபேசி எடுத்து விசாரித்தால், காப்புறுதி கிடைக்காமலே போகலாம். இதையெல்லாம் உட்கார வைத்து விளக்கும் ஒருவருக்குக் கூடுதலாக நானூறு, ஐந்நூறு பவுண்டு கொடுப்பது வீண் அல்ல.

மறைந்திருக்கும் செலவு, விற்பனை முறியும்போது தெரியவரும். பல உள்ளூர் நிறுவனங்கள் செய்த வேலைக்குக் கட்டணம் வாங்கும். ஒருவரே நடத்தும் அலுவலகத்தில் அவர் நோய்வாய்ப்பட்டாலோ ஊருக்குப் போனாலோ உங்கள் கோப்பு நின்றுவிடும். சிறிய நிறுவனங்கள் எல்லா வங்கிகளின் பட்டியலிலும் இருப்பதில்லை.

தமிழ் பேசும் சொலிசிட்டர் என்பது தனி வகை அல்ல. அவரும் இதே அளவுகோல்களுக்கு உட்பட்டவரே. லீஸின் நிபந்தனைகளை வயதான பெற்றோருக்கு அவர்கள் மொழியில் விளக்க முடிவது பெரிய பயன்தான். ஆனால் உறவுக்குள் வீடு கைமாறும்போது, "இருவருக்கும் நீங்களே செய்துவிடுங்கள் அண்ணா" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வாங்குபவர், விற்பவர் ஆகியோரின் நலன்கள் மோதும் இடத்தில் சொலிசிட்டர் இருவருக்கும் செயல்படக் கூடாது. அவர் மறுத்தால் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். மறுக்காமல் உடனே ஒப்புக்கொள்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

## உரிமம் பெற்ற கன்வேயன்சர்

1985ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் சொத்து மாற்ற வேலையில் சொலிசிட்டர்களுக்கு இருந்த தனியுரிமையைத் திறந்துவிட்டபோது பிறந்த தொழில் இது. இவர்களைக் கண்காணிப்பது சி.எல்.சி. என்னும் தனி அமைப்பு. சொலிசிட்டரைவிட ஒரு படி கீழானவர் என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது; வீடு வாங்கும் வேலையைப் பொறுத்தவரை அதற்கு அடிப்படை இல்லை. நாள் முழுவதும் இதே வேலையைச் செய்யும் ஒரு கன்வேயன்சர், குடும்ப வழக்குகளுக்கும் குடிவரவு விண்ணப்பங்களுக்கும் நடுவே மாதத்துக்கு இரண்டு வீட்டுக் கோப்புகளைப் பார்க்கும் சொலிசிட்டரைவிட லீஸைக் கூர்மையாகப் படிப்பார். இவர்களுக்கும் கட்டாயக் காப்புறுதியும் இழப்பீட்டு நிதியும் உண்டு.

வேறுபாடு ஓரங்களில் வருகிறது. எல்லைத் தகராறு நீதிமன்றம்வரை போகும் நிலையிலோ, மணமுறிவின் நடுவே வீடு விற்கப்படும் நிலையிலோ, இவர் உங்களை வேறோர் அலுவலகத்துக்கு அனுப்ப நேரும். இன்னொன்று: எழுத்து மூலமான ஒப்புதலோடு ஒரே நிறுவனத்தின் இரு வேறு கன்வேயன்சர்கள் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் செயல்பட சி.எல்.சி. விதிகள் இடம் தருகின்றன. வேகம் கூடும் என்று சொல்லி அந்த ஒப்புதலைக் கேட்டால், வாங்கும் தரப்பில் இருப்பவர் மறுப்பதே நல்லது. கேள்வி கேட்கவேண்டியவரும் பதில் சொல்லவேண்டியவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது உங்களுக்கு நன்மை தராது.

சம்பளத்தில் சேமித்த முன்பணம், சாதாரண வங்கிக் கடன், ஓரளவு வழக்கமான வீடு என்றால், பெயர் தெரிந்த ஒரு கன்வேயன்சரே என் முதல் பரிந்துரை.

## இணையவழிப் பெருநிறுவனம்

நாடெங்கும் ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே நேரத்தில் நடத்தும் நிறுவனங்கள் இவை. ஆவணங்களை இணையத்தில் பதிவேற்றலாம், கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நள்ளிரவிலும் பார்க்கலாம், ஏறக்குறைய எல்லா வங்கிகளின் பட்டியலிலும் இவை இருக்கும். விற்பனை முடியாவிட்டால் கட்டணம் இல்லை என்ற உறுதிமொழியையும் பெரும்பாலானவை தருகின்றன. அந்த உறுதிமொழி சர்ச்சுகளுக்குக் கொடுத்த பணத்தை மீட்டுத் தராது. நீங்களாகவே விலகினாலோ இடையில் வேறு நிறுவனத்துக்கு மாறினாலோ அது செல்லாது என்று சிலவற்றின் நிபந்தனைகளில் இருக்கும்.

இங்கே வேலை பகுதி பகுதியாகப் பிரிக்கப்படுகிறது. கோப்பைத் திறப்பவர் ஒருவர், ஒப்பந்தத்தைப் பார்ப்பவர் வேறொருவர், கம்ப்ளீஷனுக்குப் பிந்திய பதிவைச் செய்பவர் மூன்றாமவர். எல்லாம் வழக்கம்போல் இருக்கும் கோப்பு இந்த முறையில் வேகமாக நகரும். வழக்கத்துக்கு மாறான ஒரே ஒரு விஷயம் இருந்தால், அதை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். ஒருவர் விற்றால்தான் அடுத்தவர் வாங்க முடியும் என்று ஐந்தாறு குடும்பங்கள் சங்கிலியாகக் காத்திருக்கும்போது, தொலைபேசி வரிசையில் நின்று பதில் பெறும் நிலை மிகவும் துன்பம் தரும்.

அளவில் பெரியது என்பதால் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2021 நவம்பரில் சிம்ப்ளிஃபை என்ற பெரிய கன்வேயன்சிங் குழுமத்தின் கணினி அமைப்பு தாக்கப்பட்டபோது, வண்டியில் சாமான் ஏற்றிவிட்ட குடும்பங்கள் கம்ப்ளீஷன் செய்ய முடியாமல் தவித்தன. சிறிய அலுவலகம் இதற்குத் தப்பும் என்றும் சொல்வதற்கில்லை: 2023 நவம்பரில் சட்ட நிறுவனங்களுக்குக் கணினிச் சேவை வழங்கிய சி.டி.எஸ். தாக்கப்பட்டபோது பல சிறு, நடுத்தர நிறுவனங்களின் வேலை ஒருசேர நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், வாடிக்கையாளர் பணத்தில் 6 கோடி பவுண்டுக்கு மேல் காணாமற்போன ஆக்சியம் இன்ஸ் நிறுவனத்தை எஸ்.ஆர்.ஏ. மூடியது, அதுவும் சிறிய நிறுவனம் அன்று. ஆகவே அளவைப் பார்த்துத் தீர்மானிப்பதைவிட, முழுப் பணத்தையும் கம்ப்ளீஷனுக்கு வெகு நாள் முன்பே அனுப்பி வைக்காமல் இருப்பதும், வங்கிக் கணக்கு எண்ணை மின்னஞ்சலில் நம்பாமல் நீங்கள் தனியாகத் தேடிக் கண்ட தொலைபேசி எண்ணில் சரிபார்ப்பதும் உங்கள் கையில் இருக்கும் காவல். கணக்கு எண் மாறிவிட்டது என்று கம்ப்ளீஷனுக்கு முன் வரும் எந்த மின்னஞ்சலையும் மோசடி என்றே முதலில் கொள்ளுங்கள்.

## ஏஜென்ட் பரிந்துரைப்பவர்

இது தனி வகை அல்ல, ஒரு வழி மட்டுமே. ஏஜென்டோ கடன் புரோக்கரோ புதுவீட்டு நிறுவனமோ சுட்டும் பெயர், மேற்சொன்ன மூன்று வகைகளில் ஏதேனும் ஒன்றாக இருக்கும். பரிந்துரைக்கு ஈடாகப் பணம் கைமாறுவது அனுமதிக்கப்பட்ட ஒன்றே; ஆனால் அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அந்தத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு வேலைக்கு வாங்கும் கட்டணத்தில் கணிசமான பங்கு ஏஜென்டுக்குப் போகிறதென்றால், மீதியில்தான் உங்கள் கோப்பு படிக்கப்படும்.

"எங்கள் சொலிசிட்டரைப் பயன்படுத்தாவிட்டால் விற்பவர் வேறு ஆளைப் பார்ப்பார்" என்று ஏஜென்ட் சொன்னால் பணிய வேண்டாம். அப்படிக் கட்டாயப்படுத்த அவருக்கு உரிமை இல்லை. புதிதாகக் கட்டும் வீடுகளில் மட்டும் இந்த வழிக்கு ஓர் உண்மையான நியாயம் உண்டு. முன்பதிவு செய்தபின் குறுகிய காலத்துக்குள் எக்ஸ்சேஞ்ச் செய்ய வேண்டும் என்று அங்கே கெடு வைப்பார்கள்; அந்தத் திட்டத்தின் ஆவணங்களை ஏற்கெனவே படித்திருக்கும் நிறுவனத்தால் அந்தக் கெடுவுக்குள் முடிக்க முடியும். ஆனாலும் தொடர்ந்து வேலை அனுப்பும் கட்டுமான நிறுவனத்தைச் சங்கடப்படுத்தும் கேள்வியை அது எந்த அளவுக்கு அழுத்திக் கேட்கும் என்பதை நீங்கள் எடைபோட வேண்டும்.

## தானே செய்துகொள்வது

சட்டப்படி முடியும். ஆனால் வங்கிக் கடன் உள்ளவருக்கு இது நடைமுறையில் மூடிய கதவு. வங்கி தன் பட்டியலில் உள்ள ஒருவரைக் கேட்கும். கடனே இல்லாமல், ஃப்ரீஹோல்ட் வீடொன்றைக் குடும்பத்துக்குள் மாற்றுபவர் நிதானமாகப் படித்துச் செய்யலாம். மற்றவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

## நம் குடும்பங்களில் தராசை மாற்றுபவை

இந்தத் தேர்வில் வேறு எவரையும்விட நம்மவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. கட்டண ஒப்பீட்டுத் தளங்கள் இவற்றை ஒருபோதும் கேட்பதில்லை.

முதலாவது ஊரில் இருக்கும் வீடு. 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விகிதப்படி, இங்கிலாந்தில் 4,50,000 பவுண்டுக்கு வீடு வாங்குபவர் முதல்முறை வாங்குபவராக இருந்தால் முத்திரைத் தீர்வை 7,500 பவுண்டு. வழக்கமான விகிதத்தில் 12,500. ஏற்கெனவே இன்னொரு வீடு இருந்து, இது குடியிருந்த வீட்டுக்குப் பதிலாக வாங்குவதும் இல்லை என்றால், ஐந்து சதவீத மேல்வரி சேர்ந்து 35,000. அந்த "இன்னொரு வீடு" உலகில் எங்கே இருந்தாலும் கணக்கில் வரும். சென்னையில் வாங்கிப்போட்ட அடுக்குமாடி வீடும், யாழ்ப்பாணத்தில் சீதனமாக வந்த வீடும், 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள பங்கானால் பொதுவாக மேல்வரியைக் கொண்டுவரும். கணவன், மனைவி சேர்ந்து வாழும்போது ஒருவர் பெயரில் உள்ளது மற்றவரையும் பாதிக்கும். முதல்முறை வாங்குபவருக்கான சலுகையோ இன்னும் கண்டிப்பானது: அப்பா இறந்து வாரிசாக வந்த ஒரு பங்கு வீடுகூட அதை இழக்கச் செய்யலாம். வெற்று நிலம் மட்டும் இருந்தால் நிலைமை வேறு. வேல்ஸில் 2018 முதல் தனி வரியும் தனி விகிதங்களும் நடப்பில் உள்ளன. பல நிறுவனங்கள், முக்கியமாகப் பெருநிறுவனங்கள், வரி ஆலோசனை தம் வேலையில் அடங்காது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. நீங்கள் படிவத்தில் குறித்ததை வைத்துக் கணக்குப் போட்டு அனுப்பிவிடும். ஆகவே ஊரில் வீடு இருப்பவர், இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் தரும் நிறுவனத்தையே தேட வேண்டும். இங்கே நூறு பவுண்டு மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

அடுத்தது முன்பணத்தின் வரலாறு. 2017ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்பு விதிகளின் கீழ், உங்கள் பணம் எங்கிருந்து வந்தது என்று சட்ட நிறுவனம் கேட்கும். சம்பளச் சேமிப்புக்கு வங்கி அறிக்கை போதும். சீட்டுக் கட்டி எடுத்த தொகை, உறவினர் பலர் கையில் கொடுத்த தொகை, ஊரிலிருந்து உண்டியல் (வங்கிக்கு வெளியே நடக்கும் பணமாற்றம்) வழியாக வந்த தொகை என்றால் கேள்விகள் அடுக்கடுக்காக எழும். கையில் பணமாக வந்தது எதையும் பின்னர் நிரூபிப்பது கடினம், உண்டியல் பணத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்காது. இந்த உரையாடல் கோப்பு திறக்கும் வாரத்திலேயே நடக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சுக்கு முந்திய நாள் இந்தக் கேள்வி எழுந்து வீடு கைவிட்டுப் போனால், நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சீட்டு என்றால் என்ன என்பதை அறிந்த ஒருவர் இங்கே உதவுவார். விதியைத் தளர்த்துவார் என்பதற்காக அல்ல, எந்தத் தாள்களைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்பதற்காக.

பெற்றோர் பணம் கொடுத்து, அதே வீட்டில் குடியிருக்கவும் போகிறார்கள் என்றால் வேலை இரட்டிப்பாகும். அந்தப் பணம் அன்பளிப்புதான், வீட்டில் தமக்கு உரிமை இல்லை என்று அவர்கள் வங்கிக்கு எழுதித் தர வேண்டும். கடன் வாங்காமல் வீட்டில் வசிக்கும் வயதுவந்த ஒவ்வொருவரும், வங்கியின் உரிமையே முதன்மையானது என்று ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டிவரும். அதற்கு அவர்களுக்குத் தனியாக வேறொரு வழக்கறிஞரின் ஆலோசனையும் தேவைப்படலாம். ஊரில் இருந்த ஒரே வீட்டை விற்றுக் கொடுத்த அம்மாவும் அப்பாவும் என்ன எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒருவர் சொல்ல வேண்டும். உடன்பிறந்தவர்கள் சமமற்ற தொகை போட்டு வாங்கும்போது பங்குகளைக் குறிக்கும் நம்பிக்கைப் பத்திரமும் வேண்டும். இவ்வளவும் உள்ள கோப்புக்கு இணையவழிப் பெருநிறுவனம் பொருந்தாது என்பதே என் தீர்ப்பு.

பெயர்ச் சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் தந்தை பெயர் முன்னாலும், வங்கியில் பின்னாலும், பழைய ஆவணத்தில் முதலெழுத்தாகவும் இருந்தால், தானியங்கி அடையாளச் சோதனை தடுமாறும். மனிதர் ஒருவர் பார்த்தால் சிறிய விளக்கத்தோடு முடிந்துவிடும்.

## அடுக்குமாடி லீஸ்ஹோல்ட் என்றால்

இங்கே வகையைவிட அனுபவமே பேசும். லீஸில் மீதி எத்தனை ஆண்டு, நிலவாடகை எப்படி ஏறுகிறது, பராமரிப்புக் கட்டணக் கணக்கு, வரவிருக்கும் பெரிய செலவுகள் ஆகியவற்றை முழுமையாகப் படிக்கும் ஒருவர் வேண்டும். 80 ஆண்டுக்குக் கீழே மீதியிருந்தால் லீஸை நீட்டும் செலவு ஏறுவதோடு, கடன் கிடைப்பதும் சிக்கலாகலாம். கட்டடம் 11 மீட்டர் உயரமோ ஐந்து தளமோ அதற்கு மேலோ இருந்தால் 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் சான்றிதழ்களும் வந்துசேரும். அத்தகைய கோப்புகளை எடுக்கவே மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே தொலைபேசியில் கட்டணம் கேட்பதற்கு முன், "இத்தனை மாடிக் கட்டடம், எடுப்பீர்களா? கடந்த ஓராண்டில் இதுபோல் எத்தனை செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

## விற்பவருக்கு

விற்பவரின் இடர் குறைவு. ஃப்ரீஹோல்ட் வீடு, ஒரே கடன், தகராறு எதுவுமில்லை என்றால் பெருநிறுவனமே போதும். ஆனால் வாங்குபவர் கிடைக்கும்வரை காத்திருக்காமல், வீட்டைச் சந்தைக்கு விடும்போதே நிறுவனத்தை அமர்த்துங்கள். லீஸ்ஹோல்ட் வீட்டுக்கு நிர்வாக நிறுவனம் தர வேண்டிய எல்.பி.இ.1 தகவல் தொகுப்பு பல வாரம் எடுக்கும், சில நூறு பவுண்டும் ஆகும். வீடு பற்றிய டி.ஏ.6 படிவத்தில் அயலாருடன் உள்ள தகராற்றை மறைத்தோ, அனுமதியில்லாத கட்டுமானத்தை மழுப்பியோ எழுதினால், விற்று ஆண்டுகள் கழிந்தபின்னும் வழக்கு வரலாம். மறைக்கத் தோன்றும் விஷயம் ஏதேனும் உங்களிடம் இருந்தால், அப்போது உங்களுக்குத் தேவை உள்ளூர் சொலிசிட்டரே.

ஊரில் இருந்துகொண்டு இங்குள்ள வீட்டை விற்பவர்கள் கையெழுத்து, சாட்சி, அடையாளச் சான்று ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து முடிக்க வேண்டும். இதை அடிக்கடி செய்யும் நிறுவனமா என்று கேளுங்கள். யாரும் குடியில்லாத வீட்டைப் போலி உரிமையாளர் விற்க முயலும் மோசடிகள் நடப்பதால், லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் இலவச எச்சரிக்கைச் சேவையிலும் அந்த வீட்டைப் பதிந்துவையுங்கள்.

## தேர்ந்த பின் மாற நேர்ந்தால்

வேலை நடுவே நிறுவனத்தை மாற்றலாம். ஆனால் அதுவரை செய்த வேலைக்கான பணத்தைக் கொடுக்கும்வரை பழைய நிறுவனம் கோப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியும். வங்கியும் புதிய நிறுவனத்துக்கு மீண்டும் அறிவுறுத்தல் அனுப்ப வேண்டும். இதில் வாரங்கள் போகும். எதிர்த்தரப்பு காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே எக்ஸ்சேஞ்ச் நெருங்கிய நிலையில் மாறுவதைவிட, அதே நிறுவனத்தின் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் முறையிட்டுக் கோப்பை வேறொருவர் கைக்கு மாற்றச் சொல்வது பெரும்பாலும் வேகமான வழி. தொடக்க வாரங்களிலேயே பதில் கிடைக்காத நிலை என்றால் தயங்காமல் மாறிவிடலாம்.

முறைப்படி முறையிட்ட பின் நிறுவனத்துக்கு எட்டு வாரம் அவகாசம் உண்டு. அதற்குள் தீராவிட்டால், சொலிசிட்டரோ கன்வேயன்சரோ எவர்மீதும் சட்டச் சேவை பற்றிய முறையீடுகளை விசாரிக்கும் லீகல் ஆம்புட்ஸ்மன் அமைப்பிடம் கட்டணமின்றிப் போகலாம். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள்ளும், தவறு நடந்த அல்லது அதை நீங்கள் அறிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும் போக வேண்டும். தொலைபேசியில் பேசியதை எல்லாம் அன்றன்றே ஒரு சிறு மின்னஞ்சலாக நிறுவனத்துக்கு எழுதி அனுப்பி வைத்திருந்தால், அந்த முறையீட்டுக்கு வேறு சான்று தேட வேண்டியிருக்காது.